தாழ்ப்பாளுக்கு வெளியே ஒருத்தி

செல்போன் துடித்தது.

மேடையில் நின்ற லிவாய் தும்லாவ் அதை எடுக்கவில்லை. எதிரே ஹால் நிறைய கல்லூரி மாணவர்கள். அவளுடைய டாகுமெண்டரி திரையில் அப்போதுதான் முடிந்திருந்தது. முன்வரிசையில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாணவி எழுந்தாள்.

"மேடம்... படத்துல முகம் மறைச்சுப் பேசறாங்களே ஒரு சாட்சி... அவங்க இப்ப பத்திரமா இருக்காங்களா?"

லிவாய் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"இருக்காங்க. அது நான் அவங்களுக்குக் குடுத்த வாக்கு. முகத்தை மறைச்சோம். குரலை மாத்தினோம். பெத்த தாய் வந்து பார்த்தாலும் அடையாளம் தெரியாது!"

கைதட்டல்!

செல்போன் மறுபடியும் துடித்தது. எல்மர்... அவளுடைய கேமராமேன். அவள் மேடையில் இருக்கும்போது கூப்பிடுகிறவன் இல்லை.

எடுத்தாள்.

"பாஸ்..." எல்மரின் குரல் உடைந்திருந்தது. "நெனிங் அக்கா போயிட்டாங்க. கால்வாயில மிதக்கறாங்க, பாஸ்..."

"என்னது? செத்துட்டாங்களா?"

மைக் இன்னும் வாயருகேதான் இருந்தது. அவள் கேட்டது ஹால் முழுக்க எதிரொலித்தது.

கைதட்டல் பாதியில் நின்றது.

* * *

மணிலா வளைகுடாவை ஒட்டிய சாலம்பாவ் கரை. தீயில் கருகிய கம்பங்களுக்கு நடுவே நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள். பின்னால் குப்பை மிதக்கும் கால்வாய்.

நெனிங்கைப் படிக்கட்டில் ஏற்றிக் கிடத்தியிருந்தார்கள். வீடு வீடாகத் துணி துவைத்துப் பிழைத்தவள். சோப்பில் ஊறி ஊறிச் சுருங்கிய விரல்கள். இப்போது உடம்பே அப்படி ஊறிப்போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் அபெல்லா குடையை மடக்கியபடி வந்தார். தொந்தி. தூக்கக் கண்கள்.

"பின்மண்டையில காயம். அப்புறம் தண்ணி. நேத்து சாயங்காலம் நடந்திருக்கும்னு டாக்டர் சொல்றார். உங்களுக்கு இவங்க யாரு, மேடம்?"

லிவாய் படிக்கட்டில் மண்டியிட்டாள்.

எல்மர்தான் சொன்னான். "எங்க படத்துல வர்ற சாட்சி சார். முகம் மறைச்சவங்க."

அபெல்லாவின் தூக்கம் கலைந்தது!

"ஓ! அந்தத் தீ விபத்துப் படமா? என் சம்சாரம் பார்த்துட்டு அழுது, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறே போடல. சரி, அந்தச் சாட்சி இவங்கதான்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் எல்மருக்கும் மட்டும்தான். டி.வி. சேனலுக்குக்கூடச் சொல்லல."

"அப்ப எனக்கு வேலை சுலபம். சந்தேகப்பட ரெண்டே பேர்தான். ரெண்டு பேரும் எதிர்லயே நிக்கறீங்க!"

லிவாய் அழ ஆரம்பித்தாள்.

யாரோ அவள் தோளைத் தொட்டார்கள்.

ரெமி! இதே கரையில் கஞ்சி விற்பவள். அந்தத் தீயில் தன் ஒரே மகளைப் பறிகொடுத்தவள். கையில் ஆவி பறக்கும் கிண்ணம்.

"குடிங்கக்கா. இஞ்சி நிறையப் போட்டிருக்கேன். காலையிலேருந்து நீங்க எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

"ரெமி... நெனிங் அக்கா..."

"பார்த்தேன்க்கா."

ரெமி அந்த உடம்பின் பக்கம் திரும்பவில்லை. லிவாய் கிண்ணத்தை வாங்கும்வரை நின்றாள். பிறகு போய்விட்டாள்.

* * *

லிவாய் ஒரு காலத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணை விட்டுவிட்டு, மண்டபத்தின் பின்னால் எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருந்த சிறுமிகளை நாள் முழுக்க எடுத்தாள். பெண்வீட்டார் அவளைத் துரத்தி அடித்தார்கள். அதுதான் அவளுடைய முதல் டாகுமெண்டரி!

அப்புறம் சேற்றுக் குழிக்குள் மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு தங்கம் தோண்டப் போகிறவர்கள். வளைகுடா நாடுகளிலிருந்து சவப்பெட்டியில் திரும்பி வந்த வீட்டு வேலைக்காரிகள். எல்லாவற்றிலும் எல்மர்தான் கேமரா. கிடைத்த விருதுகள் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தன. ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

கடைசியாக, இந்தக் கரை.

ஜனவரியில் குழந்தை இயேசு திருவிழா. சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மொத்தக் கரையும் ஊர்வலம் போயிருந்தது. ரெமியும் கஞ்சி விற்கப் போனாள். காய்ச்சலில் படுத்திருந்த மகள் ஐசா எழுந்து கால்வாய்ப் பக்கம் போய்விடக் கூடாதே என்று, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனாள்.

பூட்டு இல்லை. வெறும் தாழ்ப்பாள்.

குடிசைகள் எரிந்தன. ஐசா உள்ளே இருந்தாள்.

'நான்தான் தாழ்ப்பாள் போட்டேன்... நான்தான் என் புள்ளையைக் கொன்னேன்...' படம் முழுக்க ரெமி அதையே சொன்னாள். நாடே அழுதது.

மின்கசிவு என்றது ஊர். இல்லை, யாரோ ஒரு ஆள் மண்ணெண்ணெய் ஊற்றினான், கால்வாய்க்கு அக்கரையிலிருந்து பார்த்தேன் என்று சொன்ன ஒரே சாட்சி, நெனிங். தானாகத் தேடி வந்து சொன்னாள்.

'என்னைக் கண்டுபிடிச்சிட மாட்டாங்களே தங்கச்சி?'

'சத்தியமா மாட்டாங்கக்கா.'

சத்தியம்!

* * *

லிவாயின் வாடகை அறை. எடிட்டிங் மேஜை. கிரீச்சிடும் மின்விசிறி.

"எல்மர்... உன்னை ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பாஸ்."

"அந்த லிங்காட் ஆளுங்க யாராவது உன்கிட்ட பேசினாங்களா?"

லிங்காட்... கரையை ஒட்டிய மீன் கிடங்குகளின் முதலாளி. அந்தக் குடிசைகள் அவருடைய லாரிகளுக்கு வழி விடாமல் நின்றிருந்தன. தீ யாருக்கு லாபம் என்று யாரும் கேட்கவே தேவையில்லை.

எல்மர் அவளையே பார்த்தான்.

"புரியல."

"நெனிங் அக்கா முகம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல."

"அதனால?"

"அதனால..."

"முழுசா சொல்லுங்க பாஸ்! 'எல்மர், நீ காட்டிக் குடுத்துட்டே'ன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க! உங்ககூடச் சேத்துக் குழியில இடுப்பளவு நின்னவன் நான். என் கல்யாணத்தன்னிக்கே 'ஒரு ஷாட் பாக்கி இருக்கு'ன்னு இழுத்துட்டுப் போனீங்க, வந்தேன். என் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறா!"

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. லிவாய் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடு. எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"பிடிக்கட்டும். அப்புறமா சண்டை போட்டுக்கலாம்." மூக்கைத் துடைத்தான். "நாம காட்டிக் குடுக்கலேன்னா, படம் காட்டிக் குடுத்திருக்கு. போடுங்க. முகம் இல்ல. குரல் இல்ல. மிச்சம் என்ன இருக்கு?"

"பேச்சு..."

போட்டாள்.

திரையில் கறுப்பு நிழல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மாற்றப்பட்ட குரல்.

'...நெருப்பு ரெமி குடிசையைப் புடிச்சுடுச்சு. உள்ளேருந்து சுண்டெலி சொல்லுச்சு... அம்மா, செருப்பைக் காணோம்மா... அம்மா, செருப்பைக் காணோம்மா...'

லிவாய் நிறுத்தினாள்.

பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்டாள்.

"எல்மர்... ஐசாவைக் கரையில எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ஐசான்னுதான். ஏன்?"

"சுண்டெலின்னு ஒரே ஒருத்திதான் கூப்பிடுவா. ரெமி ஒரு தடவை டீ குடிக்கும்போது எங்கிட்ட சொன்னா. 'நெனிங் அக்காவுக்கு மட்டும் என் பொண்ணு சுண்டெலி'ன்னு. எடிட்டிங்ல எனக்கு அது ஞாபகமே வரல!"

"கடவுளே..."

"இரு. இன்னும் இருக்கு." அவள் எழுந்துவிட்டாள். "அன்னிக்குப் பேண்டு வாத்தியம், வேட்டு, ஊர்வலம். நெருப்புச் சத்தம் வேற. கால்வாய்க்கு அந்தக் கரையில நின்னவளுக்கு, குடிசைக்குள்ள காய்ச்சல்ல கிடந்த குழந்தை சொன்னது எப்படி எல்மர் கேட்டுச்சு?"

எல்மரின் பார்வை அறைக் கதவுக்குப் போனது.

கதவருகே நின்றிருந்தால்தான் கேட்கும்!

தாழ்ப்பாளுக்குக் கையெட்டும் தூரத்தில்!

அந்தக் காட்சியை லிவாய் எத்தனையோ தடவை வெட்டி ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அழுதாள். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அழுததில் யாருக்கும் கேள்வி தோன்றவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் அழாமல் கேட்டிருக்கிறாள்.

* * *

ரெமியின் கஞ்சிக் கடையில் மத்தியான வெயில். ஆள் இல்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"வாங்கக்கா. வாங்கண்ணே. உக்காருங்க."

இரண்டு கிண்ணம் எடுத்தாள். லிவாய் அவள் கையைப் பிடித்தாள்.

"ரெமி... டி.வி.யில படத்தை எங்கே பார்த்தே?"

ரெமியின் கை கிண்ணத்திலேயே நின்றது.

"சேப்பல் பக்கத்துல திரை கட்டிப் போட்டாங்க. எல்லாரும் பார்த்தோம். நெனிங் அக்கா எனக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"ரெமி, நீ எதுவும் சொல்ல வேண்டாம்..."

"இல்லக்கா. நீங்க வருவீங்கன்னு தெரியும். நேத்தைய விட இன்னிக்கு எனக்கு மனசு லேசா இருக்கு." அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சுண்டெலின்னு கேட்டதும் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போச்சு. செருப்பைக் காணோம்னு... அது ஐசா சொல்றதுதான். செருப்பில்லாம வெளிய போனா நான் திட்டுவேன். நெருப்புக்கு நடுவுலயும் அவளுக்கு என் திட்டுதான் பயம்..."

எல்மர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அவ துணி துவைக்கிற படிக்கட்டுக்குப் போனேன். 'அக்கா, சுண்டெலி என்ன சொன்னா?'ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். துணி கையிலேருந்து நழுவிடுச்சு. கால்ல விழுந்துட்டா."

"என்ன சொன்னா?"

"லிங்காட் கிடங்கு மேஸ்திரி பெபோட் இருக்கானே, அவன்தான் டின்னைக் குடுத்தானாம். 'எல்லாரும் ஊர்வலத்துல இருக்காங்க, காலிக் குடிசைதான், பத்த வை, உனக்கு ஓட்டு வீடு தர்றோம்'னானாம். ஊத்திப் பத்த வெச்சுட்டுத் திரும்பறப்போதான் உள்ளேருந்து புள்ளை குரல் கேட்டுச்சாம்."

"அப்ப... தாழ்ப்பாள்..."

"ஒரு விரல் போதும்க்கா. ஒத்தை விரலால இழுத்தாத் தொறக்கும். தொறந்தா, 'நீ இங்கே எப்படி வந்தே'ன்னு கேப்பாங்களேன்னு ஓடிட்டாளாம். அப்புறம் தூக்கமே இல்லையாம். உங்ககிட்ட பாதியைச் சொன்னாளாம். பாதி சொன்னா பாதித் தூக்கமாவது வரும்னு நினைச்சாளாம்."

நெருப்பில் ஒரு கட்டை வெடித்தது.

"தள்ளினேன். படியில பின்மண்டை பட்டுத் தண்ணியில விழுந்தா. 'ரெமி, கையைக் குடு'ன்னா. எட்டற தூரம்தான். கையை நீட்டினாப் போதும்."

ரெமி இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"நின்னேன்க்கா. அவ நின்ன மாதிரியே, நானும் கேட்டுக்கிட்டே நின்னேன்."

லிவாய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரில் யார் நடுங்குகிறார்கள் என்று தெரியவில்லை.

"எனக்கு எதுவும் காதுல விழல, ரெமி! நாங்க கஞ்சி குடிக்க வந்தோம். குடிச்சுட்டுப் போறோம். எல்மர், உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"எனக்குக் காது கேக்கறதே இல்ல பாஸ்."

"வேண்டாம்க்கா." ரெமி விலகினாள். "நான் கேட்டுட்டுச் சும்மா நின்னேன், அவ கேட்டுட்டுச் சும்மா நின்னா... இப்ப நீங்களும் ஆரம்பிக்காதீங்க. கேமராவை எடுங்க."

"முடியாது!"

"நான் தாழ்ப்பாள் போட்டதாலதான் என் புள்ளை செத்தான்னு நீங்க படம் எடுத்தீங்க. ஐயோ பாவம்னாங்க. அது பொய்னு இப்பதான் எனக்கே தெரியும். நிஜமா நான் செஞ்ச கொலையையும் எடுங்க. இல்லேன்னா அந்த லிங்காட் அந்த இடத்துல லாரி ஓட்டுவான்க்கா. என் ஐசா படுத்திருந்த இடத்துல!"

லிவாய் கேமராவைத் தூக்கினாள். பாதியிலேயே இறக்கினாள். எல்மர் மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"முகத்தை மறைக்கட்டுமாம்மா?"

"வேண்டாம்ணே. மறைச்சாத்தான் கண்டுபிடிச்சிடறாங்களே!"

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பானையைக் கழுவினாள். அடுப்பை அணைத்தாள்.

பிறகு அவர்களுடன் ஜீப்னி வண்டியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனாள்.

* * *

மறுநாள் காலை.

அபெல்லா ரெமியின் வாக்குமூலத்தை இரண்டு தடவை பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மேடம், இந்தப் பொண்ணை நான் உள்ளே வெச்சுத்தான் ஆகணும். ஆனா லிங்காட்டைத் தொட முடியாது. செத்தவ சொன்னான்னு, சாகவிட்டவ சொல்றா. லிங்காட்டோட வக்கீல் மீனைச் செதில் எடுக்கற மாதிரி இதை உரிச்சுடுவான்."

"பெபோட்?"

"வெளியே பெஞ்சுல உக்காந்திருக்கான். கேட்டா, நெனிங் யாருன்னே தெரியாதுங்கறான்."

லிவாயின் செல்போன் துடித்தது. சேனல் தயாரிப்பாளர்.

"லிவாய்! அந்த அம்மா வாக்குமூலம் உன்கிட்ட இருக்காமே! இன்னிக்கு சாயங்காலமே போட்டாகணும். நாட்டுல ஒரு டி.வி. அணையாது!"

"முதல்ல கோர்ட். அப்புறம்தான் டி.வி."

"அப்படின்னா உன் அடுத்த படம் எங்ககிட்ட இல்ல!"

"அப்ப இல்ல."

வைத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அபெல்லா எல்மரிடம் கை நீட்டினார்.

"தம்பி, உன்கிட்ட ஏதாவது மெமரி கார்டு இருக்கா?"

"இருக்கு சார். ஆனா அதுல..."

"என்ன இருக்குன்னு நான் கேக்கல."

பெபோட்டை உள்ளே கூப்பிட்டார். பக்கத்தில் அரசு வக்கீல். மூலையில் எல்மரின் கேமரா, சிவப்பு விளக்கோடு. அபெல்லா மெமரி கார்டை மேஜையில் வைத்தார்.

"பெபோட், நெனிங் டாகுமெண்டரிக்குப் பேசினது தெரியுமில்ல? படத்துல கொஞ்சம்தானே போட்டாங்க? ஒரு ஆளு எல்லாத்தையும் பேசினா எவ்வளவு நேரம் பேசுவா... யோசிச்சுப் பாரு."

பெபோட் மெமரி கார்டை எட்டிப் பார்த்தான்.

"டின்... ஓட்டு வீடு... எல்லாம் எங்களுக்குத் தெரியும். போடவா?"

"போடாதீங்க சார்!" பெபோட் அலறினான். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு சார்! குடிசை காலின்னுதான் முதலாளி சொன்னார்! டின் வாங்கப் போனதே அவரு வண்டியில! வீடு தர்றேன்னு அந்த அம்மாகிட்ட போன்ல பேசினதே அவருதான் சார்! உள்ளே புள்ளை இருந்தது எனக்குத் தெரியாது... சத்தியமா தெரியாது..."

மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அரசு வக்கீல் கேட்கக் கேட்க, ஒன்று விடாமல் சொன்னான்.

மத்தியானத்துக்குள் லிங்காட் வந்துவிட்டார். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே. இஸ்திரி கலையாத சட்டை.

"என் வக்கீல் வந்துட்டிருக்கார்! என்னமோ வீடியோ ஆதாரம்கிறீங்களே, அதைக் காட்டுங்க! எனக்கு உரிமை இருக்கு!"

"தாராளமா!"

அபெல்லா மெமரி கார்டை லேப்டாப்பில் செருகி, சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.

திரையில்... எல்மர்!

சட்டை இல்லாமல், ஒரு கையில் பீர், ஒரு கையில் மைக். மச்சினன் பிறந்தநாளில் கரோக்கே மெஷின் முன் நின்று காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். உச்சஸ்தாயியைத் தொட எம்பினான். தொடவில்லை. மறுபடியும் எம்பினான்!

பெபோட் வாயைப் பிளந்தான். லிங்காட்டின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இது... இதுவா ஆதாரம்?"

"இது இல்ல சார்." அபெல்லா மூலையைக் காட்டினார். "ஆதாரம் காலையிலேயே அந்தக் கேமராவுல பதிவாயிடுச்சு, பெபோட் வாயால."

வெளியே பெண்கள் சிறைக்குப் போகும் வண்டி வந்து நின்றது.

பக்கத்து அறையிலிருந்து ரெமியைக் கூட்டி வந்தார்கள். கையில் விலங்கு. லிவாய் ஓடிப்போய் அதன்மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"ரெமி... லிங்காட் மாட்டிக்கிட்டான். பெபோட் எல்லாத்தையும் சொல்லிட்டான். உனக்கு நல்ல வக்கீல் வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை தோறும் வருவேன். கேமரா இல்லாம வருவேன்."

ரெமி தலையாட்டினாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். வண்டியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"எல்மர் அண்ணே... கொஞ்ச நேரம் முன்னாடி உள்ளே பாடினது நீங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

அந்தத் தீக்குப் பிறகு முதல் தடவையாக ரெமியின் உதட்டோரம் அசைந்தது.

"இல்ல... போலீஸ் யாரையோ போட்டு அடிக்கறாங்கன்னு நினைச்சு, அந்த ஆளுக்காக ஜெபம் பண்ணிட்டேன்!"